ஏழு நாள் தண்ணீர்

புதன், காலை 6:00

காற்று மானி: பச்சைக் கோட்டுக்கு மேலே.
குடிதண்ணீர்: தொட்டியில் பாதி.
சுவர்: கசிவு இல்லை. தண்ணீர் காட்டினேன்.
உடம்பு: இருக்கிறது.

காலையும் மாலையும் இப்படி எழுதி வைக்கும்படி பெரிய முகாமில் ரேடியோ பார்க்கும் இலியாசு தம்பி சொல்லியிருக்கிறார். யார் வந்து எடுத்துப் பார்த்தாலும் புரிய வேண்டுமாம். என் பெயர் மாதம்மாள். தர்மபுரிப் பக்கம். வேலை சித்தாள். ஐந்தாவது வரை படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இது நிலாவில் தென்முனைக் குகை முகாம். மற்றவர்கள் ஓய்வுக்குப் பெரிய முகாம் போய்விட்டார்கள். மிச்ச வேலையை முடிக்க நானும் என் வீட்டுக்காரர் வேடியப்பன் மேஸ்திரியும் இருந்தோம். நேற்று தரை ஆடியது. குகை வாசல் இடிந்து மூடிக்கொண்டது. முன் கூடத்தில் விரிசல் விட்டுக் காற்று போனது. நான் பின் அறையில் இருக்கிறேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இறந்துவிட்டார்.

புதன், மாலை 5:30

மானி: பச்சை. சுவர்: கசிவு இல்லை. தண்ணீர் காட்டினேன்.

நடந்ததை முழுசாக எழுதச் சொல்கிறார் தம்பி.

முன் கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் குனிந்து போகிற ஒரு வழி உண்டு. இடுப்பு உயரம். அதற்குக் கதவு இன்னும் பூமியிலிருந்து வரவில்லை. காற்று போகிறது என்று தெரிந்ததும் அந்த வழியை அடைக்க வேண்டியிருந்தது. கல் எல்லாம் முன் கூடத்தில். கலவைப் பானை இங்கே. அவர் அங்கே இருந்தார், நான் இங்கே இருந்தேன்.

எங்கள் தலைக்கவச ரேடியோவில் பேசியது பதிவாகியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, கல்லைத் தள்ளிவிட்டுட்டு நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க."

"வந்து, எழுந்து, மட்டம் பாத்து வெக்கறதுக்குள்ள காத்து போயிடும் புள்ள. உனக்குக் கல்லு வெக்கத் தெரியுமா? நீ சாந்தைக் குடு."

கொடுத்தேன். சாந்துச் சட்டி போகும், காலியாகி வரும். இருபத்திரண்டு வருசமாக அப்படித்தான். ஓட்டை சின்னதாகி, கடைசியில் சட்டி நுழையும் அளவு ஆனது. கடைசிச் சட்டி திரும்பி வந்தபோது அதில் அவர் கரண்டி கிடந்தது. கொத்தனார் கரண்டியை அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். கடைசிக் கல்லைக் கையாலேயே வைத்திருப்பார்.

பிறகு அவர் உடுப்பில் காற்று இருந்த வரைக்கும் பேசினார். வேலை முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்தால் பேசுவாரே, அதே மாதிரி.

"உன் பக்கம் நல்லா அழுத்தித் தேய். உள்ள காலியா பொக்கு விடாத."

"தேச்சுட்டேங்க."

"நான் கட்டுன சுவரு எல்லாமே என்னை வெளிய விட்டுட்டுத்தான் முடிஞ்சிருக்கு, பாத்தியா?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏழு நாளைக்குத் தண்ணி காட்டு. மறந்துடாத." புதுச் சுவர் வெடிக்காமல் இறுக நாங்கள் தண்ணீர் தெளிப்போமே, அதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம். அதுவும் நின்றது. அழுகை வரவில்லை. சட்டியைக் கழுவி வைத்தேன்.

வியாழன், காலை 6:15

மானி: பச்சை. சுவர்: கசிவு இல்லை. தண்ணீர் காட்டினேன்.

இன்று மூன்றாம் நாள். ஊரில் என்றால் புதைத்த இடத்தில் பால் தெளிப்போம். பால் பவுடரைக் கரைத்துச் சுவரின்மேல் தெளித்தேன். வேறு இடம் இல்லை.

ரேடியோ:

"அக்கா, சாப்டீங்களா?"

"ம்."

"ம்னா என்ன சாப்டீங்க?"

"பொட்டலம்."

"எந்தப் பொட்டலம்? நம்ம முகாம் சாம்பார் சாதமா? அதுக்குச் சுவத்துல பூசற சாந்தே தேவலக்கா."

நல்ல மனிதர். சிரிக்க வைக்கப் பார்க்கிறார். மலையின் பின்பக்கம் இயந்திரம் வைத்துக் குடைந்து வருகிறார்களாம். செவ்வாய்க்கிழமை வந்துவிடலாம் என்றார். அதுவரை சுவர் நின்றால் போதும் என்றார்.

வெள்ளி, மாலை 5:40

மானி: பச்சைக் கோட்டின்மேலேயே. சுவர்: கசிவு இல்லை. தண்ணீர் காட்டினேன், காலையும் மாலையும்.

நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்ய ஒன்றும் இல்லை.

அவர் வயசுப்பிள்ளையாக இருந்தபோது முதன்முதலாகப் பூசியது எங்கள் ஊரில் ஒரு சுவர். மேலத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குக் குறுக்கே கட்டினது. எங்கள் ஆள் அந்த வழியாகக் கோயிலுக்குப் போகக் கூடாது என்றுதான் கட்டினார்கள். கூலி கொடுத்தார்கள், இவர் பூசினார். பிறகு சுற்றிக்கொண்டு போனார். பெங்களூரில் பெரிய பெரிய அடுக்கு வீடு கட்டினோம். பால் காய்ச்சுகிற வரைக்கும் அங்கேயே படுத்து அங்கேயே சமைத்தோம். காய்ச்சின மறுநாள் காவலாளி கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். என் துணி மொட்டைமாடியில் காய்கிறது என்றேன். எடுத்து வந்து கேட்டுக்கு மேலே வீசினான்.

இந்தச் சுவர் ஒன்றில்தான் நான் உள்ளே இருக்கிறேன்.

சனி, காலை 6:05

மானி: பச்சைக் கோட்டுக்குக் கீழே.
சுவர்: விசில் சத்தம். கீழ் வரிசையில் மயிர் இழை மாதிரி கீறல். கையை வைத்தால் இழுக்கிறது.

ரேடியோ, இலியாசு:

"அக்கா, கேமராவைச் சுவத்துக்கிட்ட கொண்டு போங்க... இன்னும் கிட்ட. அந்த வெள்ளைத் திட்டு என்ன?"

"பால்."

"பாலா?"

"தெளிச்சேன் தம்பி. தண்ணியும் காட்டுறேன், ரெண்டு வேளை."



"அக்கா, இது சிமிட்டி இல்லக்கா. கந்தகக் கலவை. உருக்கி ஊத்துனா ஆறிக் கெட்டியாவும், அவ்வளவுதான். தண்ணி குடிக்காது. நீங்க ஊத்துன தண்ணி இடுக்குல போயி, அந்தப் பக்கக் குளிருல ஐஸாகி, கல்லை நெம்புது. பயிற்சியில சொன்னாங்களேக்கா."

"அவருதான் சொன்னாரு."

"யாரு?"

"மேஸ்திரி. ஏழு நாளைக்குன்னாரு."

பயிற்சியில் சொன்னது உண்மைதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூச்சு முட்டுகிற நேரத்தில் வாய் பழகினதைச் சொல்லிவிட்டது. கை பழகினதைச் செய்துவிட்டது. இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

சனி, மதியம்

பெரிய முகாம் இன்ஜினியர் அம்மா ரேடியோவில் வந்தார். அந்தச் சுவர் செவ்வாய் வரை தாங்காது என்றார். வழிக்குள்ளேயே இந்தப் பக்கம் இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். ஒட்டிக் கட்டக் கூடாது. அது விழுந்தால் இதையும் இழுத்துக்கொண்டு போகும். ஓர் அடி விட்டுக் கட்ட வேண்டும்.

கந்தக மூட்டை இருக்கிறது. மண் காலடியில் இருக்கிறது. கல் இல்லை. காலிச் சாப்பாட்டுப் பெட்டிகளில் மண்ணை அடைத்துக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் சித்தாள், எனக்குக் கல் வைக்கத் தெரியாது என்றேன். "அக்கா, கரண்டி இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றார் இலியாசு தம்பி.

கரண்டியைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். பிடித்ததில்லை. பொம்பளை கரண்டி பிடித்தால் மேஸ்திரி எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

சனி, மாலை

மானி: மஞ்சள்.
முதல் வரிசை கோணல். பிரித்தேன். மறுபடி வைத்தேன். இரண்டாவது வரிசை நின்றது.

மூன்றாவது வரிசையில் கை பிடிபட்டுவிட்டது. சாந்தைப் போட்டு, பெட்டியை வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. பிதுங்கினதை வழித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் அங்கிருந்து கல்லைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கலாம். நான் இங்கிருந்து வைத்துக்கொண்டே வந்திருக்கலாம். ஆள் நுழைகிற அளவு இருக்கும்போதே அவர் இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

இருபத்திரண்டு வருசம் பக்கத்திலேயே நின்றேன். கரண்டியை யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு

மானி: மஞ்சள், கீழே போகவில்லை.

விடிய முடித்தேன். விடிய என்று எழுதுகிறேன், இங்கே விடிவது கிடையாது. கடைசிப் பெட்டியை வைக்கும் முன்னால் ஓட்டை வழியாக விளக்கடித்து அவர் சுவரைப் பார்த்தேன். என் கை தேய்த்த தடமும் பால் திட்டும் தெரிந்தன. வைத்து மூடினேன்.

மதியம் அவர் சுவர் விழுந்தது. சத்தம் வரவில்லை. தரை ஒருதரம் அதிர்ந்தது. என் சுவர் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது.

"அக்கா? அக்கா! மானி என்ன சொல்லுது? பேசுங்கக்கா!"

"மஞ்சள்தான் தம்பி. எறங்கல."

அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். தம்பி அழுதார் என்று நினைக்கிறேன். நான் பெட்டியில் மிச்சம் இருந்த சோற்றைத் தின்றேன்.

இப்போது அவர் மேல் கல் கிடக்கும். உடுப்பு கிழிந்திருக்குமோ. மண் போட்டமாதிரி ஆயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

திங்கள்

மானி பார்க்கவில்லை. பார்க்கிறேன். மஞ்சள்.

பின்பக்கம் கல்லுக்குள் உறுமுகிறது. இயந்திரம். நாளைக்கு வந்துவிடும் என்கிறார் தம்பி. மேஸ்திரியை எடுத்து ஊருக்கு அனுப்பணுமா என்று கேட்டார். எடுக்க வேண்டும் என்றால் என் சுவரை உடைக்க வேண்டும்.

ஏழாம் நாள் இன்று.

எழுந்ததும் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். பிடித்தது தெரியாது. பார்த்தால் சுவருக்கு முன்னால் நிற்கிறேன், விரலை நனைத்துவிட்டேன், கை தூக்கிவிட்டேன்

நின்றேன்.

ஏங்க, தண்ணி காட்டல.

நானே குடித்தேன்.

சுவர்: நிற்கிறது.