கோத்தகிரியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி

காக்ஸ் டவுன், பெங்களூரு
அக்டோபர் 6, திங்கட்கிழமை

மரியாதைக்குரிய ஐரின் அக்காவுக்கு ஜோசஃபின் எழுதுவது.

உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று நான் சொன்னதாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. அழைக்காத வீட்டுக்கு நான் போவதில்லை என்றுதான் சொன்னேன். அதையும் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. கில்பர்ட்டின் அப்பார்ட்மென்ட்டில் யாரோ ஒரு முன்பின் தெரியாத குடும்பத்தின் கிரகப்பிரவேசத்துக்கு, ‘சும்மா வாங்கம்மா, எல்லாரும்தான் போறாங்க’ என்று என்னை இழுத்தபோது சொன்னது. அதை என் பிள்ளை எடுத்துக்கொண்டுபோய்க் கோத்தகிரியில் உங்கள் வாசலில் வைத்துவிட்டான்.

ஒன்பது வருஷம் கழித்து எழுதும் கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நலமா? குளிருக்கு மூட்டு எப்படி இருக்கிறது? நான் எழுந்து நடமாடுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இங்கிலீஷில் எழுதினால் ‘கான்வென்ட் லெட்டர் வந்திருக்கு’ என்று சொல்லி நீங்கள் பிரிக்காமலே வைத்துவிடுவீர்கள். உங்கள் தம்பி உயிரோடு இருந்தபோது அப்படி இரண்டு கடிதங்களை வைத்தீர்கள். இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படியுங்கள். எனக்கு இதில் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மாதமாக ஒரே பேச்சு, பயணம். கில்பர்ட்டும் ரூபினியும் என்னைக் காரில் நீலகிரிக்கு அழைத்துப் போகப் போகிறார்களாம். இருபத்து நான்காம் தேதி வெள்ளிக்கிழமை புறப்பாடு. மருமகள் இதற்கு ‘ஆட்டம் ரோட் ட்ரிப்’ என்று, அதாவது இலையுதிர்காலப் பயணம் என்று, பெயர் வைத்திருக்கிறாள். நீலகிரியில் எந்த மரம் அக்டோபரில் இலை உதிர்க்கிறது என்று கேட்டேன். தேயிலையா, யூகலிப்டஸா? ‘ஐயோ அத்தை, அது ஒரு ஃபீல்’ என்றாள். அக்டோபர் கடைசியில் அங்கே இருப்பது மழை. பள்ளியில் நான் இலையுதிர் காலத்தைப் பற்றி எத்தனையோ பாட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். ஒப்பித்த ஒருத்தியும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் குறையை இந்த வயதில் தீர்த்துவைக்கிறார்களாம்.

திட்டம் வாரத்துக்கொரு முறை மாறும். மாறும்போதெல்லாம் ரூபினி அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து என் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாள், எனக்குக் கண் தெரியாது என்ற நினைப்பில். வைட்ஃபீல்டிலிருந்து இந்த வீட்டுக்கு வரவே அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் எல்லாம் தாண்டி ஊட்டிக்கு மட்டும் ஆறே மணி நேரமாம். போகட்டும். டீ-ஷர்ட் வேறு அடித்திருக்கிறார்கள். நெஞ்சில் ‘டீம் ஜோசி’ என்று எழுத்து. எழுபத்தாறு வயதில் என் பெயரை நானே நெஞ்சில் போட்டுக்கொண்டு மலையேற வேண்டும். என்னை யாரும் ஜோசி என்று கூப்பிட்டதில்லை. உங்கள் தம்பி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணமான வருஷம் அவர் நம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அதே பாதையில் ஓட்டிப்போனாரே, அப்போது வாந்தியெடுத்தது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். என் சேலையில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலில் போட்ட திட்டத்தில் கோத்தகிரி இருந்தது. ரூபினிக்கு உயிரே கோடநாடு காட்சிமுனைதான். அங்கே நின்றால் கீழே மாயாறு தெரியும், அந்தப் பக்கம் மைசூர்ச் சமவெளி தெரியும் என்று ஒரு மாதம் என் காதைத் துளைத்தாள். கோடநாட்டுக்குக் கோத்தகிரி வழியாகத்தான் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு புதுத் தாள் ஒட்டினாள். கோடநாட்டைக் காணோம். கோத்தகிரியைக் காணோம். ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், திம்பம், வீடு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ‘அங்க வியூ சரியில்லையாம் அத்தை, ரிவ்யூல போட்டிருக்காங்க’ என்றாள். உலகம் உண்டான நாளிலிருந்து இருந்த காட்சி ஒரே வாரத்தில் கெட்டுப்போயிற்றாம். கில்பர்ட்டைப் பார்த்தேன். அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினான். பாட்டில் அவன் கையிலேயே இருந்தது.

உண்மை நேற்றுத் தெரிந்தது. பூசை முடிந்து வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் கில்பர்ட் உங்கள் ஃபிராங்க்ளினோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டுச் சுவர் எதையும் மறைக்காது என்பது இங்கேயே வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

‘எங்கம்மா உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம்டா’ என்றான் என் மகன்.

‘இங்க மட்டும் என்னண்ணா வாழுது? அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு மம்மி சொல்லிட்டாங்க. ஆன்ட்டி வந்து நின்னாங்கன்னா மம்மிக்கு பிபி எகிறிடும். பேசாம குன்னூர் வழியா எறங்கிடுங்க’ என்றான் உங்கள் மகன்.

‘ரெண்டும் ஒரே மாடல்தான்’ என்று ரூபினி சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நான் எழுந்துபோய்க் கேட்கவில்லை. கேட்டால், ‘மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்பான். இந்த வீட்டில் இப்போது எனக்குக் கிடைக்கும் பதில் அது ஒன்றுதான். காலையில் ‘சரிம்மா’, மாலையில் ‘பாத்துக்கறோம்மா’. முப்பது வருஷம் வகுப்பில் நின்று இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவள் நான். என்னோடு இவர்கள் பேசுவது, காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பேச்சு.

என் மகன் என் பேரில் சொன்னது புளுகு என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் மகன் உங்கள் பேரில் சொன்னதும் புளுகாகத்தான் இருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து முடிவு செய்தேன். இதற்கு எனக்கு வேறு சாட்சியமும் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் பற்றி நீங்கள் யாரிடமும் ஒரு குறையும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். கல்யாண விருந்தில், ‘கலர் உனக்கு எடுபடலடி, யார் எடுத்தா இந்தப் பட்டு?’ என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டீர்கள். கில்பர்ட் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, ‘பாவம், உன் மூக்கு வந்திருக்கு’ என்றீர்கள். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில், மண் போட்ட கை காயும் முன்னே, ‘என் தம்பியத் திருத்தித் திருத்தியே கொன்னுபோட்டுட்டே’ என்றீர்கள். நான் ஆட்டோவில் ஏறினேன். அதை மறந்துவிட்டதாக எழுதினால் பொய். அதைப் பேசவும் நான் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. இப்படியெல்லாம் நேருக்கு நேர் சொன்ன மனுஷி, ‘அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்லியனுப்புவாளா? என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, ‘உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை’ என்றுதான் சொல்லுவாள்.

இனி இந்தப் பயணத்தின் காரணம். இவர்கள் எனக்கு மாறுதல் வேண்டும் என்கிறார்கள். டிக்கியில் பெட்ஷீட்டுக்கு அடியில் ஒரு மடக்கு சக்கர நாற்காலி இருப்பதை நான் பார்த்துவிட்டேன். என் இருதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பையன். எல்லாவற்றையும் இங்கிலீஷில் கில்பர்ட்டிடம் விளக்கினான். பிறகு என் பக்கம் திரும்பி, கையைத் தட்டிக்கொடுத்து, ‘ஏனூ ஆகல்ல அஜ்ஜி’ என்று கன்னடத்தில் முடித்தான். பாட்டிக்கு ஒன்றும் ஆகாதாம். ஒன்றும் ஆகாதென்றால் எதற்கு என் பிள்ளை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னை மலை காட்டக் கூட்டிப்போகிறான்? நெஞ்சைத் திறந்து செய்வது ஒன்று, தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்வது ஒன்று, ஒன்றும் செய்யாமல் மாத்திரையோடு இருப்பது ஒன்று. மூன்றில் எது எனக்கு நல்லது என்று கேட்டால் எல்லோரும் முகத்தை மாற்றிக்கொள்கிறார்கள். செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ‘அதெல்லாம் ஏம்மா யோசிக்கறீங்க’ என்றான் கில்பர்ட். நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது? வால்வு என்னுடையது.

இன்னும் நான் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை நீட்டினார்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி என் கைப்பையில்தான் இருந்தது.

நீங்கள் எத்தனை வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் சூப்பரின்டென்டென்டாக இருந்தீர்கள்! எத்தனை நெஞ்சைத் திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்! யார் எழுந்து வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி ரெமிஜியஸ் படுத்திருந்தபோது டாக்டர்கள் எல்லோரும், ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் வராந்தாவில் என் தோளைப் பிடித்து, ‘இந்த வாரம் தாண்டாது. புள்ளைய வரச் சொல்லு’ என்றீர்கள். அப்போது கில்பர்ட் துபாயில் வேலையில் இருந்தான். நீங்கள் சொன்னதால்தான் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவருக்கு அது தெரிந்தது. விரலை அசைத்தார். இதை நான் உங்களுக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே நான் தீர்மானித்திருப்பது இது. இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை ஊட்டியிலிருந்து நான் உங்கள் வீட்டுக்கு வருவேன், நீங்கள் கூப்பிட்டால். ஒரு மணி நேரப் பாதை. ரிப்போர்ட், எக்கோ, ஆஞ்சியோ சிடி எல்லாம் ஒரு பையில் கட்டி எடுத்து வருகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, செய்துகொள், அல்லது செய்துகொள்ளாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தேற்றி அனுப்ப வேண்டாம். தேற்றுவதற்கு இங்கே ஆள் இருக்கிறது, டீ-ஷர்ட்டோடு. கில்பர்ட்டையும் ரூபினியையும் அந்நேரம் கோடநாட்டுக்கு அனுப்பிவிடுவேன், கெட்டுப்போன காட்சியைப் பார்த்துவிட்டு வரட்டும். சாப்பாடு ஒன்றும் செய்யாதீர்கள். உப்பு குறைத்திருக்கிறார்கள். ஒரு கடுங்காப்பி போதும்.

கூப்பிடாமல் வர மாட்டேன். இது பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் உயிரோடிருக்கும்போது வீட்டுக்காரி சொல்லித்தான் வர வேண்டும் என்பது என் பழக்கம். அதை இந்தக் கடைசி நேரத்தில், அதாவது இந்த வயதில், மாற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை. பிள்ளைகள் ஏற்பாடு செய்து, ‘சர்ப்ரைஸ்’ என்று கதவைத் தட்டி, நாம் இருவரும் அழுவதை அவர்கள் ஃபோனில் பிடிப்பதற்கும் நான் தயாராக இல்லை.

ஒருவேளை ஃபிராங்க்ளின் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். நான் குன்னூர் வழியாக இறங்கிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் புரிந்துகொள்வேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான் எப்படியும் இங்கே திரும்பியிருப்பேன். அவருக்கு மெழுகுவர்த்தி வைக்கும்போது உங்கள் பேரில் ஒன்று வைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், குறைந்தது அந்தச் சனிக்கிழமை வரையாவது. அதற்குப் பிறகும்.

கில்பர்ட்டுக்கு ஃபோன் செய்யாதீர்கள். ஃபிராங்க்ளினிடம் சொல்லியனுப்பாதீர்கள். உங்களுக்கு இப்போது கை நடுங்குகிறது என்று கேள்விப்பட்டேன். நடுங்கினால் நடுங்கட்டும், எனக்குப் படிக்கத் தெரியும். வா என்றோ, வராதே என்றோ, உங்கள் கையாலேயே எழுதி, இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ஜோசஃபின் ரெமிஜியஸ்