செல்வியின் காருக்கு ஒரு செயின்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்தபோது மூன்று விநாடி ஒரு சத்தம். ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன் சாவியோடு கிளம்பிய என் மனைவி செல்வி திரும்பி வந்துவிட்டாள்.

"என்னங்க, உள்ள யாரோ சோழியக் குலுக்குத மாதிரி கேக்குது?"

வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றிவரும் வேனை ஏழு வருஷமாக ஓட்டுகிறவள். அவள் காதை ஏமாற்ற முடியாது.

வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் செயின்தான். வேறென்ன? மார்ச் 9 கோவில்பட்டியில் ஆட்டோகிராஸ். மண் தடத்தில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் குறிப்பார்கள். போன வருஷம் பெண்கள் பிரிவில் அரை விநாடிகூட இல்லாத வித்தியாசத்தில் முதலிடத்தைக் கோட்டைவிட்டாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருஷம் விடுவதாக இல்லை. ஓட்டுவது அவள், இன்ஜின் பார்ப்பது நான். எங்கள் வீட்டு ஏற்பாடு அது.

பிப்ரவரி 5, புதன்

முன்பக்கக் கவரைக் கழற்றிப் பார்த்தேன். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கடைசிப் பல்லுக்கு முந்தின பல்லில் நிற்கிறது. செயின் அவ்வளவு நீண்டுவிட்டது. கழற்றிப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தால் வில்லாக வளைகிறது. நான் வேலை பார்க்கும் அச்சு பிரஸ்ஸில் மெஷின் செயினை இப்படித்தான் பார்ப்போம்.

குற்றம் செயின் மேல் இல்லை. இன்ஜினை நான் சும்மா விட்டேனா? வால்வைத் திறக்கும் கேமை மாற்றினேன், வால்வு ஸ்பிரிங்கை முரடாகப் போட்டேன், நிமிஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு சுற்று வரை முறுக்க வைத்தேன். செயினை மட்டும் பழசாகவே விட்டுவைத்தேன். அது ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பிறகு இன்ஜினைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்னொரு இன்ஜின் கட்ட எனக்கு மூன்று வருஷம் ஆகும்.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்று செயின் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் ஆசை காட்டுகின்றன. நாலு கலர் மெஷினில் நிற்கும்போதும் அதே நினைப்பு. ஒரு கட்டுத் தாள் வீணானது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒன்று, காரோடு வருகிற அதே செயின். நம்பலாம், ஆனால் அது சாது இன்ஜினுக்குச் செய்தது. இரண்டு, கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்காரர் சொல்லும் இரட்டை வரிசைச் செயின். யானையைக் கட்டலாம். ஆனால் அது அடங்க, கவரை உள்ளே குடைய வேண்டும். மூன்று, அதே அளவுதான், ஒற்றை வரிசைதான், ஆனால் கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் கடினப்படுத்தியவை. கூடவே வலுவான டென்ஷனரும் வருகிறது.

எனக்கு இரட்டை வரிசை மேல்தான் கண். படத்தைச் செல்வியிடம் பத்துத் தடவை காட்டியிருப்பேன். பதினோராவது தடவை அவள் கேட்டாள்:

"உங்க பயம் என்ன? செயின் அந்துபோகுங்கதா, தொங்கிப்போகுங்கதா?"

"தொங்கிப்போகும்ங்கதுதான்."

"பெறகு எதுக்கு இம்புட்டு கனத்த உள்ள கட்டுதீக? வேன்ல நாலு ஆள் கூட ஏறுனாலே ஏத்தத்துல எனக்குத் தெரியும். இறுக்கிப் புடிக்கதுக்கு வழியப் பாருங்க."

நான் நாலு நாளாக வீடியோ பார்த்து வராத தெளிவு! மூன்றாவதுதான். ஆர்டர் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பார்சல் சென்னைக்கு வந்துவிட்டது. பதினொரு தடவை போனைப் பார்த்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

பார்சலை பிரஸ்ஸுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். என்ன ஒரு செயின்! எண்ணெய் மினுமினுப்போடு, நடுவில் இரண்டு மஞ்சள் கண்ணி, ஒரு நீலக் கண்ணி. கீழே கிராங்க் சக்கரத்துப் புள்ளியில் நீலமும் மேலே இரண்டு கேம் சக்கரப் புள்ளிகளில் மஞ்சளும் உட்கார்ந்தால் டைமிங் சரி. ஃபோர்மேன் தங்கப்பாண்டியன் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏலே முனியராஜ், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி முழிக்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிரஸ்ஸில் புதுச் சாமான் எது வந்தாலும் கிரீஸ் போகக் கழுவாமல் மெஷினில் ஏற்ற மாட்டோம். காலண்டரில் சாமி முகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் விழுந்தால் மொத்த லோடும் திரும்பி வரும். பதினான்கு வருஷப் பழக்கம். பேச்சு அண்ணனோடு, கை தன் போக்கில். இங்க் கழுவும் வாஷ் தட்டில் செயினை முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியில் துடைத்துத் தூக்கிப் பிடித்தேன். பளபள என்று இருந்தது.

மஞ்சளும் இல்லை. நீலமும் இல்லை. எல்லாக் கண்ணியும் ஒரே வெள்ளி.

நாள் முழுக்கக் கலர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். என் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

செல்வி செயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலர் கண்ணி இருக்கும்ன்னு சொன்னீகளே?"

"இந்த மாடல்ல வராது."

ஏன் சொன்னேன்? அவளிடம் போய் ஏன்? அந்த இன்ஜினுக்குப் பின்னால் உட்காரப்போகிறவள் அவள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று விசிலடிக்கப்போகிறவன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

சொல்லிவிட்டேன். சோற்றில் கை வைத்தபடியே கேட்டாள்.

"கழுவுனது போகட்டும். கை பழக்கம். அத ஏன் மறைச்சீக? வேன்ல ப்ரேக்கு புடிக்கலன்னு தெரிஞ்சுகிட்டே நான் முப்பது பேர ஏத்துவனா? இத மட்டும் சொல்லுங்க!"

பிறகு கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு நானும் ஒக்காருதேன். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுவோம். ஒரே எண்ணு வந்தாத்தான் கவர மூடணும்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 23, ஞாயிறு

செயின் விற்றவருக்குப் போன் போட்டேன். நன்றாகச் சிரித்துவிட்டு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை எத்தனை கண்ணி என்று வாட்ஸப்பில் அனுப்பினார். கிராங்கிலிருந்து முதல் கேம் வரை முப்பத்தெட்டு.

செயினை மாட்டினேன். நான் எண்ணினேன்: முப்பத்தெட்டு. சந்தோஷத்தில் கவரைக் கையில் எடுத்துவிட்டேன். செல்வி விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தேழு.

"நீ தப்பா எண்ணுத."

"நெதம் முப்பது பேர எண்ணி ஏத்துதேன், எண்ணி எறக்குதேன். நானா தப்பா எண்ணுதேன்?"

சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி எண்ணினோம். முப்பத்தேழுதான். கிராங்க் அடியில் பாதி மறைந்திருந்த கண்ணியை நான் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். அப்படியே மூடியிருந்தால்? கவரைக் கீழே வைத்தேன்.

ஒரு கண்ணி மாற்றி மாட்டினோம். இருவருக்கும் முப்பத்தெட்டு. பிறகு இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். மூன்று புள்ளிகளும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் விழுகிற தாளைப் பார்த்தால் வருமே, அந்தச் சந்தோஷம். செல்வியின் மூக்கில் கிரீஸ். சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஏழாயிரத்து ஐந்நூறு சுற்று! செயின் அலுங்கவில்லை!

மார்ச் 9, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஓட்டத்தில் இரண்டாம் இடம். அடுத்ததுதான் கடைசி. செல்வி கிளம்பினாள். என்ன வளைவு, என்ன வெட்டு! தொண்டை கிழியக் கத்தினேன். பாதித் தடத்தில் செகண்டிலிருந்து தேர்டுக்குப் போக வேண்டிய இடம். இன்ஜின் இறங்காமல் வீலென்று மேலே ஏறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கியர் ஃபர்ஸ்டில் விழுந்திருக்கிறது. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் கார் ஓடிக்கொண்டிருக்கிறது! புழுதிக்குள் தேர்டில் பறக்கிறது! மைக்கில் நேரம் சொன்னார்கள். முதலிடம். மூன்றில் ஒரு பங்கு விநாடி வித்தியாசம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டு ஓடினோம். செல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்:

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. கியர மாத்திப் போட்டுட்டேன். முள்ளு எட்டாயிரத்து ஐநூறத் தொட்டுட்டு. ஒடனே கிளச்ச மிதிச்சுட்டேன். எதுவும் போயிருக்குமா?"

சத்தத்திலேயே எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. "தெரியல. தெறந்து பாப்போம்" என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

கவரைத் திறந்தோம். செயினில் ஒரு கீறல் இல்லை. டென்ஷனர் வைத்த பல்லிலேயே நிற்கிறது. செல்வி எண்ணினாள், நானும் எண்ணினேன்.

கோயம்புத்தூரில் மே மாதம் நடக்கிற போட்டிக்குப் படிவம் வந்திருக்கிறது. செல்விதான் பூர்த்தி செய்தாள். 'மெக்கானிக்' என்ற கட்டத்தில் பாண்டிச்செல்வி என்று தன் முழுப் பெயரை எழுதிவிட்டு, இருந்த கொஞ்சம் இடத்தில் என் பெயரையும் நெருக்கி எழுதினாள்.