சத்தம் போடாத கார்டு

என் வீட்டு நிதி மந்திரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் முதலீட்டுக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்த கார்டை நீ தொடுவதே இல்லை. செலவழித்தால் முதலீடு கரையும் என்கிறாய். இங்கே என் அறையில் இருக்கும் வெல்டர், அதே மாதிரிக் கார்டை ஊரில் அவன் மனைவியிடம் கொடுத்திருக்கிறான். அவன் மனைவி சோப்பு வாங்கினாலும் செய்தி வந்து அவன் போன் சிணுங்குகிறது. "பாருண்ணே, இப்ப மருந்துக்கடையில நிக்கிறா" என்று இளிக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது. நேற்று அவன் போன் சத்தத்துக்கு நான் ஓடிப்போய் என் போனை எடுத்தேன்.

"அண்ணி உங்கள மறந்துட்டாங்களாண்ணே?" என்றான்.

சமையல் என் முறை. அவன் தட்டில் உப்பை அள்ளிப் போட்டேன்.

வார் அறுந்த செருப்பில் ஊக்கு குத்தித்தானே இன்னும் நடக்கிறாய்? அந்தக் கார்டிலேயே புதுசு வாங்கு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது, இதோடு முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கு. அப்போது அவனும் அறையில் இருப்பான்.

உன் வீட்டுக்காரன்