கவிழ்த்து வைத்த கடிகாரம்

ஜூன் 2

என் பேய்ப்படக் கூட்டாளியான நாத்தனாருக்கு,

நலமா? நீ சிபாரிசு செய்த 'ஈரத் தலையணை' பார்த்தேன். பேய் வரும்வரை நன்றாக இருந்தது. வந்தபின், பாவம், அதற்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் செல்போனை உன் அண்ணன் பழுது பார்க்க வாங்கிப் போய் மூன்று வாரமாகிறது. இனிமேல் கடிதம்தான். தபாலில் சேர்ப்பதும் அவரே. உறையை ஒட்டுமுன் படித்துவிட்டு, "ரெண்டும் ரெண்டு பைத்தியம்" என்று சிரிக்கிறார்.

நம் பழைய விளையாட்டையே ஆடுவோம். படத்தை எனக்கே நடந்ததுபோல் எழுதுகிறேன். பெயரை நீ கண்டுபிடி. அது வீட்டில் இருக்கும்போது நான் தும்மக்கூட மாட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளை அது கழற்றிவிட்டது. வெளியே போனால் வாசலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகும்.

எந்தப் படம்?

அன்புடன்,
அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணி,

கொன்னுட்டீங்க! டிப்போவில் டீ குடித்தபடி படித்தேன். தாழ்ப்பாள் என்றதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பஸ் ஓட்டுகிறவளுக்கு இப்படியா எழுதுவது?

'மாடிவீட்டு வாடகைக்காரி'தானே? இல்லையென்றால் 'ஏழாம் சாவி'. உங்களுக்கு என் சிபாரிசு 'கிணற்றறை'. தனியாகப் பார்த்துவிடாதீர்கள். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
குட்டிப்பிசாசு


ஜூன் 14

என் குட்டிப்பிசாசுக்கு,

இரண்டும் இல்லை. 'கிணற்றறை'யை நீ சொன்னபடியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்னொரு குறிப்பு தருகிறேன். அது முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைக்கும். பிறகு சட்டைக் கையை மடிக்கும். சரியாக மூன்று மடிப்பு. அவசரமே படாது. சலவைக் கடையில் கை மடித்த சட்டை இஸ்திரிக்கு வந்தால் பிரிக்காமல் குவியலின் அடியில் தள்ளிவிடுகிறேன். காலையில் அவர் கொண்டுவிட்டு மாலையில் அழைத்துப் போகும்வரை அங்கே நிம்மதியாக இருந்தேன். இப்போது அங்கேயும் இந்தப் படம்தான்.

சீக்கிரம் கண்டுபிடி. அந்தப் பெண் கடைசிவரை தாங்கமாட்டாள் என்று தோன்றுகிறது.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணி,

பெயர் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம். இத்தனை தாமதமாகக் கண்டுபிடித்ததற்கு என்னைத் திட்டுங்கள்.

இதன் இரண்டாம் பாகத்தைக் கட்டாயம் பாருங்கள். சலவைக் கடைப் பெண் ஒருத்தி. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, மருந்துக்கடை முனையில், நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு பஸ் வந்து நிற்கும். ஓட்டுவது அவளுக்குத் தெரிந்த பிசாசு. கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு ஏறவேண்டும். முதல் பாகத்தில் துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பியவள் என்ன ஆனாள் என்பது உங்களுக்கே தெரியும்.

பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயம்தான். பார்த்தே ஆகவேண்டும்.

உங்கள்
குட்டிப்பிசாசு


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணி புதன்கிழமை கடையிலிருந்து வீடு திரும்பவில்லை. இஸ்திரிப்பெட்டி சூடு ஆறாமல் இருந்ததாம்.

உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நாலு சிடி கடைகளில் கேட்டேன். அப்படி ஒரு படமே இல்லை என்கிறார்கள். அதன் பெயர் என்ன? அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோபம் இல்லை.

அண்ணன்


ஜூன் 30

அண்ணாவுக்கு,

அந்தப் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாம் இருவரும் வீட்டிலேயே பார்த்தோம். அப்பா அம்மாவைப் பார்த்தபடியே கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். சட்டைக் கையை மடிப்பார். மூன்றாவது மடிப்பில் நீ ஓடிவந்து என் கண்களைப் பொத்துவாய். "பாக்காத, முடிஞ்சதும் சொல்றேன்" என்பாய். உன் கையும் நடுங்கும். உலகத்தில் எனக்குப் பயமில்லாத ஒரே இடம் அந்தக் கைக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தக் கையா அண்ணா இது?

ஞாயிற்றுக்கிழமை வராதே. அண்ணி எங்கே என்று யாரிடமும் கேட்காதே. காவல் நிலையத்தில் நாங்கள் இருவரும் புகார் எழுதிக் கொடுத்துவிட்டோம். உன் கடிதங்கள் இனி பிரிக்கப்படமாட்டா.

நீ கடைசிவரை சொல்லவே இல்லை. அதனால் நான் சொல்கிறேன். முடிந்துவிட்டது, அண்ணா.

தங்கை