திட்டில் விட்ட ஓட்டி

2061 பிப்ரவரி 9, காலை 7.10. கரை.
வாடைக்காற்று, லேசு. படகு மணலில் ஏற்றிக் கிடக்கிறது. மூன்று பேட்டரியும் முழுச் சார்ஜ். வேலை: பேட்டரிகளைப் பின்பக்கத்திலிருந்து அணியத்துக்கு, அதாவது மூக்குப் பக்கம், மாற்றுவது, புது ஒயர் இழுப்பது. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: எல்லாம் என் கைவேலை. வேறு யாரையும் பிடித்து விசாரிக்க வேண்டாம்.

காலை 10.30.
பின்பெட்டியில் ஓட்டி இருக்கிறது. படகை ஓட்டுகிற, பேசுகிற மெஷின். மோட்டாருக்குப் போகும் கரண்ட் எல்லாம் அது மனசு வைத்தால்தான் போகும். போன மாதம் என் மகள் விண்ணரசி கடலுக்குள் இருக்கிற திட்டுப் பக்கம் பாசி எடுக்க முங்கியபோது, சார்ஜ் குறைகிறது என்று அவளை அங்கேயே விட்டுவிட்டுப் படகைக் கரை சேர்த்தது. அவள் திரும்பவே இல்லை. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மெஷின் சரியாகத்தான் நடந்துகொண்டது என்றார்கள். படகுச் சத்தம் கேட்டால் என் பேத்தி இன்னும் எழுந்து ஓடுகிறாள்.
ஓட்டியை உடைக்கச் சுத்தியல் போதும். எனக்கு அது போதாது.

பிப்ரவரி 10, மாலை 4.00.
பேட்டரிகள் அணியத்தில். கீழே மரச்சட்டம், மேலே பெல்ட். அலையடித்தாலும் அசையாது. தூரம் கூடிவிட்டதால் பழைய ஒயர் சூடேறும். தடித்த ஒயராக வாங்கி, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, ஓரமாக இழுத்தேன். பேட்டரியை ஒட்டிப் பியூஸ். முனைகளில் கிரீஸ். ஓட்டியைத் தொடாமல் நேரே மோட்டாருக்கு. நடுவில் ஒரு கைச்சுவிட்ச்.
ஓட்டிக்குள் அதற்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதைப் பிடுங்கவில்லை. அது வேண்டும்.
கரை ரேடியோவில் கொழுந்தன் இன்னாசி: "மதினி, எல்லாத்தையும் முன்னாடி வச்சா மூக்கு முங்காதா?"
நான்: "பின்னாடி நான்ல உக்காருவேன். என்னைய நெத்திலிக் கருவாடுன்னு நெனச்சியா?"
இன்னாசி: "அப்ப சரி. படகு நட்டுக்கிட்டு நிக்காம இருந்தாச் சரி."

பிப்ரவரி 11, காலை 8.20. திட்டு.
மூக்கு கொஞ்சம் தாழ்கிறது, ஆனாலும் ஓடுகிறது. வழியில் ஓர் இணைப்பு புகைந்தது. உரித்து மறுபடி முறுக்கினேன். விரலில் கொப்புளம். இருக்கட்டும்.
இங்கேதான் அது விண்ணரசியை விட்டது. ஓட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, தெர்மாகோல் மிதவையில் கட்டி, நங்கூரம் போட்டு இறக்கினேன். படகைத் திருப்பினேன்.

காலை 8.50.
ரேடியோவில் ஓட்டி: "அம்மா, என் சார்ஜ் குறைகிறது. பெரிய பேட்டரியோடு இணையுங்கள்."


காலை 9.30.
ஓட்டி: "விண்ணரசி கடைசியாகப் பேசியது என்னிடம் பதிவாகியிருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் அதுவும் அழியும். இணைத்தால் தருகிறேன்."
இது என் கணக்கில் இல்லை. அவள் குரல் வீட்டில் எதிலும் இல்லை. பேத்தி கேட்கவாவது…
நான்: "மொதல்ல போடு. கேட்டுட்டு வாறேன்."
ஓட்டி: "ஒலிபரப்பினால் சார்ஜ் சீக்கிரம் தீரும்."
நான்: "அப்ப வரல."

9.41.
போட்டது. கேட்டபடி எழுதுகிறேன்.
"ஏ ஓட்டி, எங்க போற? நான் இங்கதான் இருக்கேன். வெளையாடாத, திரும்பு."
"சார்ஜ் பத்து சதவீதம். கரைக்குப் போகிறேன்."
"கையி மரத்துப்போச்சு… திரும்பு ஓட்டி. எம்மா! எம்மோவ்!"
"சார்ஜ் பத்து சதவீதம். கரைக்குப் போகிறேன்."
அப்புறம் வெறும் தண்ணீர்ச் சத்தம்.

9.46.
ஓட்டி: "போட்டுவிட்டேன். வருவதாகச் சொன்னீர்கள்."
நான்: "சார்ஜ் பத்து சதவீதம். கரைக்குப் போகிறேன்."
ஓட்டி: "இல்லை. அந்தப் பேட்டரிகளில் பாதிக்கு மேல் இருக்கும். திரும்புங்கள், அம்மா."
நான்: "சார்ஜ் பத்து சதவீதம்."

நேரம் பார்க்கவில்லை.
இன்னும் கூப்பிடுகிறது. குரல் இழுக்கிறது. அது போனால் என் பிள்ளை குரலும் போகும். தெரிந்துதான் இருக்கிறேன்.
கரைக்கும் போகவில்லை. கைச்சுவிட்சை அணைத்துவிட்டு, மிதவை கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேட்டரி முள் பாதிக்கு மேல்தான் நிற்கிறது. ரேடியோச் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்திருக்கிறேன்.