சேர்ந்த தேதி

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே வெயில். ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்று மட்டும் முந்திக்கொண்டது. ஷெட் முழுக்கப் புழுதி.

போலந்துக்காரர்கள் நம் ரப்பர் வளையத்துக்கு ஆர்டர் தரத் தயார். பால் கறக்கும் மெஷினுக்கு. ஆனால் அங்கேயே ஓர் ஆள் வேண்டுமாம், அவர்கள் மொழியில் பேச. ஆள் கிடைத்தாயிற்று. மார்த்தா. நாற்பது வயதிருக்கும், இதே தொழிலில் ஊறியவர். வீடியோவில் பேசும்போது வழக்கம்போல "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டுவிட்டேன். முழித்தார். பக்கத்திலிருந்த செல்வி என் காலை மிதித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருபது வருஷமாக மிதிக்கிறாள், நான்தான் இன்னும் திருந்தவில்லை.

அவரை நாமே நேரடியாக வேலைக்கு வைக்க முடியாது. அங்கே நமக்குக் கம்பெனி கிடையாதே. அதற்கென்று ஏஜென்சி இருக்கிறது. அந்த நாட்டில் தங்கள் பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். வேலை நமக்கு. காகிதத்தில் முதலாளி அவர்கள். நான் சமயநல்லூரில் இருக்கிற யாரோ ஒருத்தன்.

ஜூலை 5, சனி

ஒப்பந்தம் மெயிலில் வந்தது. ஆறு பக்கம்! டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்து வாசித்துக் கத்தினேன். வருஷத்துக்கு இருபத்தாறு நாள் லீவு. வாரம் நாற்பது மணி நேரம்தான். ஆள் வேண்டாமென்றால் ஒரு மாதம் முன்னாடி எழுத்தில் சொல்ல வேண்டும், காரணத்தோடு. ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நாளைக்கே எனக்குச் சரிப்படலன்னா?"

"சார், நாளைக்கு வராதீங்கன்னு அங்க யாரையும் சொல்ல முடியாது சார்." பொறுமையான பெண்.

போனை வைத்ததும் பாண்டி, டீ கிளாசைக் கழுவிக்கொண்டே: "அண்ணே, எனக்கு எம்புட்டு நாளு?"

"எதுக்குடா?"

"முன்னாடியே சொல்றதுக்கு. அந்தம்மாவுக்கு ஒரு மாசம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். "ஒன்னையப் போகச் சொன்னாத்தானடா மாப்ள." அவன் சிரிக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கிற பெரிய பிரஸ் அவன் கையில். பதினோரு வருஷம். ரப்பர் வெந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்லுவான். அவன் இல்லாமல் போலந்து ஆர்டர் இல்லை.

ஜூலை 7, திங்கள்

– மார்த்தா கையெழுத்து, புதனுக்குள்
– அச்சு, வாடிப்பட்டி லேத்தில்
– செல்விக்குக் கண்ணாடி
– பிரிண்டருக்கு மை (மறக்காதே மடையா)

மதியம் பாண்டி வியாழக்கிழமை லீவு கேட்டான். "ஓசூர் வரைக்கும் போயிட்டு வாரேன்ணே." ஓசூரில் இவனுக்கு யார்? மறைக்கவில்லை. டயர் கம்பெனியில் வேலை, வியாழனன்று கையெழுத்துப் போட வரச் சொன்னார்களாம். வேலைக்கான ஆர்டர் சட்டைப் பையில், நாலாக மடித்து. வாங்கிப் பார்த்தேன். சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. அப்புறம் ஏன்?

"பிள்ளைய ஸ்கூல்ல சேக்கப் போனேன்ணே. எங்க வேலைன்னாங்க, சொன்னேன். அங்க வேலை பாக்குறதுக்கு லெட்டர் இருக்கான்னாங்க. இம்புட்டு வருசம் கழிச்சு ஒங்ககிட்டப் போயி என்னன்னு கேக்குறது? கூச்சமா இருந்துச்சு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்னைய வேலைக்காரனாவாடா வச்சிருக்கேன்? தம்பி மாதிரில்ல வச்சிருக்கேன்!"

"தம்பிதான்ணே. தம்பிக்கு யாருண்ணே லெட்டர் குடுப்பா?"

அவன் ஆர்டரைப் பழையபடி நாலாக மடித்து அவனிடமே கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை ஓடவில்லை. அப்பா ஞாபகம். வாடிப்பட்டிப் பக்கம் கூலிக்குப் போனவர். வரப்பில் நின்றபடி "நாளைக்கு வேணாம்" என்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் பேச மாட்டார். அதனாலேயே நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேனா? கண் காணாத தேசத்துப் பெண்ணுக்கு ஆறு பக்கம். தினமும் கூட நின்று டீ குடிக்கிறவனுக்கு ஒரு வரி கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது.

செல்வி: "இப்பயாச்சும் எழுதிக் குடுங்க. நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் ஓசூர் பஸ்ஸு நிக்குமா?"

ஜூலை 9, புதன்

மார்த்தா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி: உங்கள் அப்பா என்ன செய்கிறார்? சிரித்துவிட்டேன். விவசாயக் கூலியாக இருந்தார், இப்போது இல்லை என்று பதில் போட்டேன்.

அந்த ஆறு பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாண்டிக்குத் தமிழில் தட்டினேன். பெயர், வேலை, நேரம், லீவு, இரு தரப்புக்கும் ஒரு மாத அவகாசம். அடுத்து மற்ற ஆறு பேருக்கும். 'சேர்ந்த தேதி' வந்ததும் கை நின்றுவிட்டது. பழைய நோட்டெல்லாம் புரட்டினேன். இல்லை. செல்விக்கும் தெரியவில்லை. அவனையே கூப்பிட்டேன்.

"ஜூன் பதினாலுண்ணே. சனிக்கிழம. 'சரி, திங்கக்கிழம வா'ன்னீங்க." கிளம்பும்போது, "அன்னைக்கி எம்பேரு கூடக் கேக்கல" என்றான். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான்.

தேதியைத் தட்டினேன். பிரிண்டரில் மை இல்லை. கடைக்கு ஓடிப்போய் அவனுடைய லெட்டரை அவனேதான் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தான்.

ஜூலை 10, வியாழன்

ஏழு மணிக்கே பாண்டி வந்துவிட்டான். ஓசூர் போகவில்லை! லெட்டரில் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியை என்னிடம் தந்தான். அப்பாடா என்றிருந்தது. தோளில் தட்டினேன். அவன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான்.

"ஓசூருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்ணே, ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவேன்னு. அதுக்குள்ள பிரஸ்ஸுக்கு வேற ஆளப் பழக்கி விட்டுட்டுப் போறேன்."

"அதான் லெட்டர் குடுத்துட்டேன்லடா."

"குடுத்தீங்கண்ணே. அங்க கேக்காமலே குடுத்தாங்க."

போய் பிரஸ்ஸைப் போட்டுவிட்டான். அவனுடைய விலகல் கடிதம் இதோ முன்னால் இருக்கிறது. காரணம் எழுதியிருக்கிறான், தேதி போட்டிருக்கிறான், எல்லாம் முறைப்படி. மேலே 'முதலாளி அவர்களுக்கு'. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை.