இவர் நெற்றியில் ஊற்றிய தண்ணீர்

9 செப்டெம்பர் 2025, செவ்வாய்

நேற்று இவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்று தானாகவே கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணி குடித்தார். சீனி காணாது என்று முகத்தைச் சுளித்தார். டொக்டர் கையை விரித்த மனுசன்! ஸ்தோத்திரம் ஆண்டவரே. சீனிக்குக் கோபப்படுகிற புருசனைத் திருப்பித் தந்ததற்கு ஸ்தோத்திரம்.

குளித்ததும் திருநீறு பூசிக்கொண்டார். அந்த நெற்றியில்தானே நான் –

10 செப்டெம்பர்

எழுதிவிடுகிறேன். அன்று இரவு தாண்டாது என்று டொக்டர் சொன்னார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போன நேரம், போத்தல் தண்ணீரை இவர் நெற்றியில் ஊற்றினேன். "யோசேப்பு சுந்தரலிங்கம், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே..." முழுவதும் சொன்னேன். சாகக் கிடக்கிறவருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் படித்தது.

"நீ ஒன் சாமிய கும்பிடு, நான் என் சாமிய கும்பிடுறேன்." கல்யாணத்துக்கு முந்தி நாங்கள் பேசிக்கொண்டது. இருபத்தெட்டு வருசம் இவர் அதை மீறவில்லை. நான், நினைவில்லாமல் கிடந்த ஆளிடம் மீறினேன். மோட்சத்தில் இவர் இல்லாம நான் மட்டும் என்னத்த பண்ணுவேன்? அந்தப் பயம்தான்.

14 செப்டெம்பர், ஞாயிறு

பன்விலையிலிருந்து என் அக்கா மரியகொறற்றி வந்தா. அவவிடம் மட்டும் சொன்னேன். "நல்லதுதானே செஞ்சிருக்க. வாய மூடிட்டு இரு. இல்லாட்டி மச்சான் எங்க போவாரு?"

எங்கே போவார்? எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது தூக்கி இருத்திச் சோறு ஊட்டினது இவர்தானே. இவரை வாசலில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விடுவாரா ஆண்டவர்?

18 செப்டெம்பர்

பாதர் மத்தியாஸிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அவரு கேக்காம குடுத்தது ஞானஸ்நானம் ஆகாதும்மா" என்றார். அப்போ அவருக்கு மோட்சம்? "அது கடவுள் கையில. அவர் இரக்கத்துக்கு நாம வேலி போட முடியாது. ஆனா நீங்க மன்னிப்பு கேக்க வேண்டியது ஒங்க வீட்டுக்காரர்கிட்டயும்தான்."

19 செப்டெம்பர்

சொல்லிவிட்டேன். கையால் நெற்றியைத் தடவினார். பிறகு, "என் சாமி என்னய விட்டுட்டாருன்னு நெனச்சிட்டியா?" அவ்வளவுதான்.

20 செப்டெம்பர்

பேசவில்லை.

22 செப்டெம்பர்

பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். ஏசினாலாவது பரவாயில்லையே.

26 செப்டெம்பர், வெள்ளி

பிள்ளையார் கோயிலுக்குப் போகணும் என்றார். ஒரு கிழமைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. திரீவீலில் கூட்டிப்போனேன். வழக்கமாக நான் வெளியே நிற்பேன். இன்று இவருக்குக் கை பிடிக்க ஆள் வேண்டும், உள்ளே போனேன். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "சுவாதி நட்சத்திரம், சுந்தரலிங்கம். சுவாதி நட்சத்திரம், ஷிராணி."

என் பெயர்! எனக்கு ஏது நட்சத்திரம்? திரும்பி வரும்போது கேட்டேன்.

"வெள்ளிக்கெழம தவறாம ஒன் பேருலயும் அர்ச்சன நடக்குது, கல்யாணம் கட்டின நாள்ல இருந்து. ஒன் நட்சத்திரம் தெரியல, என்னோடதயே குடுத்துட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ மட்டும் கேட்டுட்டா தண்ணி ஊத்துன?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. இவரும் சிரித்துவிட்டார். திரீவீல்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்தார்.

28 செப்டெம்பர், ஞாயிறு

பாதரிடம் சொல்லி நன்றிப் பூசை கொடுத்தேன். இவர் மனந்திரும்பட்டும் என்று ஞாயிறு தவறாமல் வேண்டுவேன். இன்றைக்கு அது வாயில் வரவில்லை. இவர் இப்படியே இருக்கட்டும் ஆண்டவரே, ரொம்ப நன்றி என்றேன்.